புள்ளியில் சேராத வெளிச்சம்

எங்கள் பக்கத்து நகரத்தார் ஊர்க்கணக்கு எழுதும்போது தலையை எண்ணுவதில்லை, வீட்டையும் எண்ணுவதில்லை. புள்ளியை எண்ணுகிறார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஒருவர் ஒரு புள்ளி. கோவில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று விழும். ஊர் எவ்வளவு பெரியது என்று கேட்டாலும் இத்தனை புள்ளி என்றுதான் பதில் வரும். வலையபட்டியில் வளர்ந்த எனக்குத் தெரிந்த முதல் அளவை அதுதான்.

ஊருணி மட்டும் எந்தப் புள்ளியிலும் சேராது. ஓட்டுச் சரிவில் விழுந்த மழை வளவுக்குள் இறங்கும். முற்றத்துக் கல்லிலிருந்து வடிகாலுக்குப் போகும். வெளியே ஓடிவந்து, பொட்டல்காட்டுத் தண்ணீரோடு கலந்து, ஊருணியில் நிற்கும். அதில் ஒரு குடம் மொண்டுகொண்டு இது எந்த வீட்டு மழை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை. அறுபது வயது தாண்டிய பிறகு, வானத்திலும் அப்படி ஒரு ஊருணி இருக்கிறது என்பதை ஒரு குழந்தையின் கேள்வி எனக்கு நினைவூட்டியது.

போன ஆடி மாதம். மகள் வயிற்றுப் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். இரவு கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தோம். தெரு விளக்கும் அணைந்ததால் தெற்கே வானம் திறந்துகொண்டது போல இருந்தது.

"ஐயா, அந்த வெள்ளைத் தடம் மேகமா?"

"மேகமில்லப்பா. அதுதான் பால்வீதி. அம்புட்டும் நட்சத்திரம். தூரத்துல நெருக்கமா இருக்கிறதால தனித்தனியாத் தெரியல."

"அப்போ நட்சத்திரம் இல்லாத இடத்துல வெளிச்சமே இருக்காதா?"

"இருக்காது" என்றேன். அவன் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது ஆண்டு பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். அவனுக்குத் தவறான பதிலைச் சொல்லியிருந்தேன்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொறுத்தவரை நான் சொன்னது சரிதான். 1610-ல் கலிலியோ தன் தொலைநோக்கியில் கண்டதை எழுதி வெளியிட்டபோது, பால்போல் பரவிய அந்த மங்கல் எண்ணற்ற விண்மீன்களின் கூட்டம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. பரவிய ஒளி என்று ஒன்று இல்லை, எண்ணப் பொறுமையும் நல்ல கண்ணாடியும் இருந்தால் எல்லாம் புள்ளிதான் என்பது அன்றைய பாடம். முந்நூற்றைம்பது ஆண்டுகள் அந்தப் பாடம் நின்றது. காமாக்கதிர் வந்துதான் அதைக் கலைத்தது.

காமாக்கதிரும் ஒளிதான். நம் கண் பார்க்கும் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் இரண்டு எலெக்ட்ரான் வோல்ட் அளவு. காமா ஒளித்துகளின் ஆற்றல் லட்சத்தில் தொடங்கிக் கோடிகளைத் தாண்டிப் போகும். வானிலிருந்து வரும் காமாக்கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. அதைப் பார்க்க மேலே போக வேண்டும். 1961-ல் எக்ஸ்ப்ளோரர் 11 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் போனது. அது வானிலிருந்து வந்தவை என்று உறுதியாகப் பிரித்தெடுத்த காமா ஒளித்துகள்கள் 22. இருபத்திரண்டே இருபத்திரண்டு. ஒரு வீட்டுப் பந்திக்குக்கூடப் போதாத எண்ணிக்கை. ஆறு ஆண்டு கழித்து ஓ.எஸ்.ஓ.-3 என்ற செயற்கைக்கோள் 621 துகள்களைப் பிடித்தது. கிராஷார், கிளார்க், கார்மைர் என்ற மூவர் அவற்றை ஒவ்வொன்றாக வானப்படத்தில் குறித்தபோது, குறிகள் பால்வீதியின் பட்டையில் நெருங்கி விழுந்தன. பால்வீதியின் நடுவை நோக்கிய திசையில் நெருக்கம் இன்னும் கூடியது. பால்வீதி காமாக்கதிரில் ஒளிர்கிறது என்பதற்கு அதுதான் முதல் உறுதியான சாட்சி.

அப்படியானால் எது ஒளிர்கிறது? கலிலியோவின் பாடத்தை வைத்துப் பார்த்தால், கண்ணுக்குப் படாத காமா விண்மீன்கள் கூட்டமாக இருக்க வேண்டும். அப்படிச் சில இருக்கத்தான் செய்கின்றன: துடிப்பு விண்மீன்கள், வெடித்த விண்மீன்களின் மிச்சங்கள். 2008 ஜூன் 11-ல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கியின் பட்டியலில் வானம் முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட காமாப் புள்ளிகள் ஏறிவிட்டன. வானியலாரும் அவற்றைப் புள்ளி மூலங்கள் என்றே சொல்கிறார்கள். எங்கள் ஊர்ச் சொல் அங்கேயும் இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தப் புள்ளிகள் அத்தனையையும் கணக்கிலிருந்து கழித்த பிறகும் பால்வீதியின் பட்டை அணையவில்லை. ஃபெர்மி பிடிக்கும் காமாக்கதிரில் பெரும்பகுதி எந்தப் புள்ளியிலும் சேராத, எங்கும் பரவி நிற்கும் வெளிச்சம். அது விண்மீன்களுக்கு இடையே உள்ள இடத்திலிருந்து வருகிறது. ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கும் இடத்திலிருந்து.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். விஞ்ஞானம் அந்த எச்சரிக்கையை மதிப்பதில்லை. இந்த வெளிச்சத்தின் மூலத்தை, அதை யாரும் பார்ப்பதற்கு முன்பே, 1952-ல் காகிதத்தில் கணக்காகப் போட்டுவைத்தவர் சதியோ ஹயகாவா என்ற ஜப்பானியர்.

அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தில் இருப்பவை அண்டக்கதிர்கள். கதிர் என்று பெயர் இருந்தாலும் அவை துகள்கள்தான், பெரும்பாலும் புரோட்டான்கள். 1912 ஆகஸ்ட் 7-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடுவதைக் கண்டு, இவை மேலிருந்து வருகின்றன என்று சொன்னார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அவற்றின் பிறந்த ஊர் முழுதாகத் தெளியவில்லை. காரணம் எளிது. புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு. பால்வீதி முழுக்க மெல்லிய காந்தப்புலம் விரவியிருக்கிறது. அதில் மாட்டிய புரோட்டான் வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து, கோடி ஆண்டுக்கு மேல் அலைகிறது. நேராகப் போனால் லட்சம் ஆண்டில் கடந்துவிடக்கூடிய பால்வீதிக்குள் அத்தனை காலம் சுற்றுகிறது. நம்மிடம் வந்து சேரும்போது அது வந்த திசைக்கும் புறப்பட்ட இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பர்மாவுக்குப் போனவர்களின் கடிதங்களை எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருந்தாலும் மேலே ரங்கூன், மோல்மீன் என்று ஊர்ப்பெயர் இருக்கும். புரோட்டான் கொண்டுவரும் கடிதத்தில் ஊர்ப்பெயர் இல்லை.

கணக்கின் மறுபக்கத்தில் இருப்பது விண்மீனிடை வாயு. பெரும்பாலும் ஹைட்ரஜன். சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் சராசரியாக ஒரே ஒரு அணு. இதற்குச் சொந்தமாக ஒளி கிடையாது. ரேடியோ அலையில் ஏதோ முணுமுணுக்கும், அவ்வளவே.

இப்போது அலையும் புரோட்டான் ஒன்று இந்த அணுக்களில் ஒன்றின் கருவில் மோதுகிறது. இது அபூர்வம். பெரும்பாலான புரோட்டான்கள் யார்மீதும் படாமலே அலைந்து பால்வீதியை விட்டு வெளியேறிவிடும். ஆனால் மோதினால், அந்த இடத்தில் பையான் என்ற துகள் பிறக்கும். அதில் மின்னூட்டமற்ற வகை ஒன்று உண்டு. அதன் ஆயுளை எப்படிச் சொல்வது? ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு கூற்றை மறுபடி நூறாகப் பிரித்தால் கிட்டத்தட்ட அவ்வளவு. பிறந்த இடத்திலேயே அது இரண்டு காமாக்கதிராகப் பிரிந்துவிடுகிறது. பையான் அசையாமல் இருந்தால் ஆளுக்குப் பாதியாக, ஒவ்வொன்றுக்கும் 6.75 கோடி எலெக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். இந்தப் பங்கீட்டின் தடம் காமாக்கதிர்களின் ஆற்றல் வரைபடத்தில் விழும். 2013-ல் ஐ.சி. 443, டபிள்யூ 44 என்ற இரண்டு வெடிப்பு மிச்சங்களில் ஃபெர்மி அந்தத் தடத்தைத் தெளிவாகக் காட்டியது. புரோட்டான்கள் அங்கே வேகம் பெறுகின்றன என்பதற்கு அது சாட்சி.

அண்டக்கதிர்களில் உள்ள எலெக்ட்ரான்களுக்கும் இந்த வெளிச்சத்தில் பங்கு உண்டு. அவை வாயு அணுவின் அருகே வளையும்போதும், விண்மீன் ஒளியை எதிர்கொண்டு அடித்து அதன் ஆற்றலைப் பல மடங்கு கூட்டிவிடும்போதும் காமாக்கதிர் பிறக்கிறது.

காமாக்கதிருக்கு மின்னூட்டம் இல்லை. எந்தக் காந்தப்புலமும் அதைத் திருப்ப முடியாது. பிறந்த இடத்திலிருந்து நேராக வருகிறது. அதன் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஆனால் அது புரோட்டான் பிறந்த ஊரின் பெயர் அல்ல. புரோட்டான் மோதிய ஊரின் பெயர். மாணவர்களுக்கு நடத்தும்போது இந்த இடத்தை நான் எத்தனையோ முறை வேகமாகக் கடந்துவிட்டேன். இப்போது நிதானமாக நின்று பார்க்கிறேன். அலையும் புரோட்டான் கண்ணுக்குத் தெரியாது. காத்துக் கிடக்கும் வாயுவும் தெரியாது. ஒன்றையொன்று தொட்ட இடத்தில்தான் வெளிச்சம்.

2005-ல் இசபெல் கிரெனியே என்ற பிரெஞ்சு வானியலாரும் இரண்டு தோழர்களும் இதை வைத்து ஓர் அரிய காரியம் செய்தார்கள். ரேடியோ அலையில் கண்ட வாயுவையெல்லாம் கணக்கிட்டு, இவ்வளவு வாயு இருந்தால் இவ்வளவு காமாக்கதிர் வர வேண்டும் என்று பார்த்தார்கள். சூரியனுக்கு அருகில் உள்ள பகுதிகளிலேயே கணக்குக்கு மேல் வந்தது. ரேடியோவிலும் சிக்காத வாயு அங்கே மறைந்திருந்தது. இருண்ட வாயு என்று அதற்குப் பெயரிட்டார்கள். எங்கோ பிறந்து, பிறந்த இடம் தொலைத்து அலைந்த துகள்கள் அதன் மீது பட்டதால் அது இருப்பதே நமக்குத் தெரிந்தது.

இதைவிட வீட்டுக்குப் பக்கத்துச் சாட்சி ஒன்று உண்டு. சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை, சூரியனிடம் கடன் வாங்குகிறது என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். ஃபெர்மி பார்க்கும் காமாக்கதிரில், சூரியன் அமைதியாக இருக்கும் காலத்தில், சந்திரன் சூரியனைவிடப் பிரகாசமானது. காற்றும் காந்தக் கவசமும் இல்லாத அந்த மண்ணில் அண்டக்கதிர்கள் நேராக வந்து மோதுகின்றன. அந்த ஒளிக்கு அது யாரிடமும் கடன்படவில்லை.

அதே சந்திரன் ஊட்டியில் வேறு மாதிரி தெரிகிறது. உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வகம் இருக்கிறது. 2,200 மீட்டர் உயரத்தில், 25,000 சதுர மீட்டர் மலைச்சரிவில், சுமார் 400 உணர்கருவிகள் எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. கிரேப்ஸ்-3 என்று பெயர். இந்தியர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து நடத்துவது. தொலைநோக்கி என்றால் நாம் நினைக்கும் உருவம் எதுவும் அங்கே இல்லை. குழல் இல்லை, கண்ணாடி இல்லை. வரிசை வரிசையாகக் கூம்புக் கூரைகள், பக்கத்தில் கான்கிரீட்டுக்குக் கீழே ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712. அந்தக் குழாய்கள் மியூவான் என்ற துகளை எண்ணுகின்றன. நாளொன்றுக்கு நானூறு கோடி அளவுக்கு எண்ணுகின்றன. சந்திரன் மேலே கடக்கும்போது அதன் திசையிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் குறைகின்றன. அந்தக் குறைவை, அதாவது அண்டக்கதிரில் விழும் சந்திரனின் நிழலை வைத்து, தங்கள் கருவி திசையை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்று அங்கே சரிபார்த்திருக்கிறார்கள். சந்திரன் மறைத்துக்கொண்ட அந்தக் கதிர்களே அதன் மண்ணில் மோதிக் காமாவாக ஒளிர்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஊட்டியின் வேலை ஒரு நெல்லைப் பதரிலிருந்து பிரிப்பது போன்றது. மிக உயர்ந்த ஆற்றலில் காமாக்கதிர்கள் அபூர்வம். செயற்கைக்கோளில் ஏற்றும் சின்னக் கருவியில் அகப்படா. நிலத்தில் அகலமாகக் கருவி விரித்துக் காத்திருக்க வேண்டும். மேலே காற்றில் மோதும் ஒரு துகள், பலவாகி, அந்தப் பல மேலும் பலவாகி, கீழே மழையாகப் பொழியும். ஒன்று எப்படி ஆயிரமாகிறது என்ற கணக்கை 1937-ல் ஹோமி பாபாவும் ஹைட்லரும் எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஊடாடும் தற்செயலை ஆராய்ந்தவர் சென்னையின் அல்லாடி ராமகிருஷ்ணன். 1962 ஜனவரி 3-ல் சென்னையில் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் அவர் முயற்சியில் எழுந்தது. பொழிவு புரோட்டானால் வந்ததா, காமாவால் வந்ததா? புரோட்டானால் வந்தால் மியூவான்கள் நிறைய இருக்கும். காமாவால் வந்தால் மியூவான் மிகக் குறைவு. எது இல்லை என்பதை வைத்து எது வந்தது என்று அறிவது. 3,712 குழாய்களின் மௌனம்தான் அங்கே காமாக்கதிரின் அடையாளம்.

2024 தொடக்கத்தில் அந்த ஆய்வகத்தார் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். ஆற்றல் கூடக் கூடப் புரோட்டான்களின் எண்ணிக்கை சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவு 166 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் அருகே சற்றுத் தளர்கிறது என்றார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பரவிய காமா வெளிச்சத்தைக் கணக்கிடுபவர் முதலில் போடும் எண்ணே புரோட்டான்களின் எண்ணிக்கைதான். ஊட்டியில் அந்தக் கோடு சற்று மாறினால், பால்வீதி முழுமைக்குமான கணக்கு அதற்குத் தக மாற வேண்டும்.

கணக்கு இன்னும் முடியவில்லை. 1990-களில் எக்ரெட் என்ற காமாக்கதிர்க் கருவி எதிர்பார்த்ததைவிட அதிக வெளிச்சம் கண்டது. இது கண்ணுக்குப் படாத கரும்பொருளின் அடையாளம் என்று சிலர் எழுதினார்கள். 2009-ல் ஃபெர்மி அந்த மிகுதியைக் காணவில்லை. 2021-ல் திபெத்தின் யாங்பாஜிங் மேட்டில் உள்ள கருவி, 398 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள 23 காமாக்கதிர்கள் பால்வீதிப் பட்டையிலிருந்து வந்ததாக அறிவித்தது. அவற்றில் மிகப் பெரியது 957 லட்சம் கோடி. தெரிந்த உயர் ஆற்றல் மூலங்கள் எதனோடும் அவை பொருந்தவில்லை. 2023-ல் சீனாவின் லாசோ ஆய்வகம் அளந்த பரவிய வெளிச்சம், எதிர்பார்த்த கணக்கைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. அதே ஆண்டு ஜூனில் தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் ஆய்வகம், பால்வீதிப் பட்டையிலிருந்து நியூட்ரினோ என்ற துகள்கள் வருவதைச் சொன்னது. மோதலில் பிறக்கும் மின்னூட்டமுள்ள பையான்களின் பிள்ளைகள் அவை. லாசோ கண்ட மிகுதி முழுவதும் உண்மையிலேயே பரவியதா, அதில் ஒரு பகுதி இன்னும் பிரித்தறிய முடியாத சிறு புள்ளிகளா என்ற வாதம் நடக்கிறது. எவ்வளவு பங்கு எது என்பதில்தான் தகராறு. விண்மீன்களின் இடைவெளியே ஒளிர்கிறது என்பதில் தகராறு இல்லை.

மூலம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் ஓர் ஆரம்பத்தைத் தேடுகிறது. ஒரு ஊற்று, ஒரு விளக்கு, ஒரு முதல் ஆள். குடும்பக் கதை சொன்னாலும் முதலில் இங்கே வந்து குடியேறியவர் யார் என்று கேட்கிறோம். இந்த வெளிச்சத்துக்கு அப்படி ஒரு முதல் ஆள் இல்லை. எப்போதோ எங்கோ வெடித்த விண்மீன்கள் துகள்களைத் துரத்திவிட்டன. அவற்றில் பல இன்று வெடிப்பின் அடையாளம்கூட இல்லாமல் கரைந்துவிட்டன. துகள்கள் அலைந்தன. வாயு கிடந்தது. பிறப்பு மறந்துபோன ஒன்றும், தனக்கென ஒளி இல்லாத ஒன்றும் தொட்டுக்கொண்ட இடமே இதன் மூலம். ஊருணித் தண்ணீரைப் பார்த்து இது எந்த வீட்டு மழை என்று கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாமல் போவது அறியாமையால் அல்ல என்று இப்போது தெரிகிறது. கலந்த பிறகு அது எந்த வீட்டு மழையும் இல்லை. ஊர் குடிக்கும் நீர், அவ்வளவுதான். ஊருணி என்ற பெயரிலேயே அது இருக்கிறது.

புள்ளியை எண்ணுவது வேண்டும். எண்ணாமல் கோவில் நடக்காது. விண்மீன் பட்டியல் இல்லாமல் வானியலும் நடக்காது. ஆனால் எண்ணி முடித்துக் கழித்த பிறகு மிச்சம் நிற்கிறதே, அதைக் குப்பை என்றும் இரைச்சல் என்றும் தள்ளாமல் நின்று பார்த்தவர்களால்தான் பால்வீதியின் இந்த முகம் நமக்குக் கிடைத்தது.

மறுநாள் காலை பேரனிடம் சொன்னேன். "நேத்து ஐயா சொன்னது தப்புப்பா. நட்சத்திரம் இல்லாத இடத்துலயும் வெளிச்சம் இருக்கு. நம்ம கண்ணுக்கு அது அகப்படாது." அவன் உடனே கேட்டான்: "எந்த இடத்துல, ஐயா?" கையை நீட்டிக் காட்டப் பகலில் வானம் இல்லை. அன்று இரவு வரைக்கும் காத்திருந்தோம்.

உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஆடி அமாவாசையன்று இரவு ஒன்பது மணிக்கு, மேகம் இல்லாமல் இருந்தால், வீட்டில் உள்ள குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். விளக்குகளை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். தெற்கே தனுசு ராசிப் பக்கம் பால்வீதி மிக அகலமாக இருக்கும். அதன் நடுவே, யாரோ கரி பூசியது போல் இருண்ட ஒரு கோடு நீளமாக ஓடும். அது வெற்றிடம் இல்லை. பின்னால் உள்ள விண்மீன்களை மறைத்துக்கொண்டு நிற்கும் தூசியும் வாயுவும். காமாக்கதிரில் பார்த்தால் அந்த இருட்டும் ஒளிர்கிறது.